பொத்தான் அமுங்கிக் கிடந்த மழைநாள்

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த டிரைவர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இப்போது ஆஸ்பத்திரி வண்டிகளில் எல்லாம் ஒரு கருவியைப் பொருத்திவிட்டார்களாம். வண்டி எங்கே நிற்கிறது, என்ன வேகத்தில் போகிறது என்று ஆபீசில் உட்கார்ந்தபடியே பார்க்கலாமாம். "அண்ணே, உங்க காலத்துல காருக்குள்ள வாக்கி டாக்கி வச்சிருந்தீகளாமே, என்னண்ணே பேசுவீக அதுல?" என்று கேட்டார்கள். வாயால் சொன்னால் எனக்கு முன்னது பின்னதாகிவிடும். எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதுதான் இது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனராகப் போய், லைசென்ஸ் எடுத்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டிரைவராகச் சேர்ந்தேன். அதை நடத்தியவர் ஒரு பெண் டாக்டர். எங்களுக்கெல்லாம் டாக்டரம்மா. அவருடைய காரை ஓட்டுவதுதான் என் வேலை.

பயந்த சுபாவம் எனக்கு. பூட்டிய கதவை இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பேன். காலையில் பார்த்த பிரேக் ஆயிலை மத்தியானமும் பார்ப்பேன். தண்ணீர் ஓடுகிற இடத்தில் வண்டியை இறக்கவே மாட்டேன். ஆஸ்பத்திரி முழுக்க இது தெரியும். "செல்வராசண்ணே, ரோட்டுல யாரோ கொடத்துத் தண்ணியச் சிந்திட்டாக, சுத்திப் போயிருவமா?" என்று நர்சுப் பிள்ளைகள் கேலி பண்ணுவார்கள்.

டாக்டரம்மாவுக்கு ஹாம் ரேடியோவில் பித்து. அரசாங்கத்திடம் உரிமம் வாங்கி, பொழுதுபோக்காக வயர்லெஸில் பேசுகிறவர்களை அப்படிச் சொல்வார்கள். வெளியூர் கிளினிக்குகளுக்குப் போகும்போது பின்சீட்டில் உட்கார்ந்து கையடக்க செட்டில் மதுரைக்காரர், பழனிக்காரர் என்று யாரோடாவது பேசிக்கொண்டே வருவார். உரிமம் இல்லாதவன் பொத்தானை அமுக்கினால் குற்றம் என்று அவர் ஒருநாள் சொன்னதிலிருந்து, நான் அந்த செட்டைத் துடைக்கக்கூடத் தொடவில்லை. ஒரு தடவை அவர் கிளினிக்குக்குள் போயிருந்தபோது சீட்டிலிருந்த செட்டில் யாரோ விடாமல் கூப்பிட்டார்கள். எடுக்கவும் பயம், சும்மா இருக்கவும் பயம். காரை விட்டு இறங்கி வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் என்னைப் பரீட்சைக்கு அனுப்பியது. குட்டை ஒலி, நீள ஒலியால் எழுத்தைச் சொல்கிற மோர்ஸை ஸ்டீரிங்கில் விரலால் தட்டித் தட்டிப் படித்தேன். முதல் தடவை தேறவில்லை. அடுத்த தடவை தேறினேன். உரிமத்தின் நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அது இருக்கிறதா என்று போகிற இடமெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

அது வீண் பயம் இல்லை. அந்த நாளில் வாக்கி டாக்கி என்றாலே போலீசுக்குச் சந்தேகம். சின்னாளப்பட்டிப் பக்கம் ஒரு சோதனையில் காரை ஓரங்கட்டச் சொன்னார்கள். கூரையில் நட்டுக்கொண்டு நின்ற ஏரியலைப் பார்த்துவிட்டு ஏட்டய்யா குனிந்தார்.

"எந்த டிப்பார்ட்மெண்டுய்யா?"

"டிப்பார்ட்மெண்ட் இல்லீங்கய்யா. அமெச்சூருங்க."

"அப்படி ஒரு டிப்பார்ட்மெண்டா?"

 நகலை எடுத்துக் கொடுத்தேன். கூடவே டிரைவிங் லைசென்ஸ், ரேஷன் கார்டு நகல் எல்லாம் கொடுத்தேன். "ரேசன் கார்டு எதுக்குய்யா? சீனியா வாங்கப் போறேன்?" என்று திருப்பிக் கொடுத்தார். பின்சீட்டில் டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார்.

காருக்குள் வைத்து அந்தச் சின்ன செட்டில் பேசுவது, மூடிய தகர டப்பாவுக்குள் இருந்து கத்துகிற மாதிரி. சுற்றிலும் இரும்பு. செட்டோடு வருகிற குட்டை ரப்பர் ஏரியலைப் போட்டுப் பேசினால் நாலு தெரு தாண்டுவதற்குள் குரல் பொரிந்துபோகும். அதனால் காந்தம் வைத்த நீள ஏரியலைக் கூரையில் ஒட்டவைத்து, வயரைக் கதவு ரப்பர் வழியாக உள்ளே விடுவோம். கதவைச் சாத்தும்போது வயர் நசுங்காமல் பார்க்க வேண்டும். கார் பேட்டரியிலிருந்தே கரண்ட் எடுத்தால் செட் நாள் முழுக்க ஓயாது. ஆனால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க எஞ்சினின் கீச்சொலியும் பேச்சோடு சேர்ந்து போகும். எங்கள் ஊர் வெயிலில் செட்டை டேஷ்போர்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வந்து கையில் பிடிக்க முடியாது.

டாக்டரம்மாவின் சட்டங்கள் இதையெல்லாம்விடக் கறார். ஓட்டுகிறவன் அமுக்கக் கூடாது, அமுக்குகிறவன் ஓட்டக் கூடாது. முதலில் கேட்க வேண்டும். யாரும் பேசவில்லை என்று தெரிந்த பிறகே அமுக்க வேண்டும். ஆஸ்பத்திரி வேலைக்கு இந்த அலையைத் தொடவே கூடாது, அது உரிமத்துக்கு விரோதம். ஒரு தடவை ஊசிப் பெட்டியை மறந்துவிட்டு வந்து, பாதி வழியில் ஞாபகம் வந்தபோது, செட் கையிலிருந்தும் ஆஸ்பத்திரிப் பக்கமிருந்த நண்பரைக் கூப்பிடாமல் காரைத் திருப்பச் சொன்னவர் அவர். இயற்கைச் சீற்றம், உயிராபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. அப்படி நேரம் வந்தால் அவர் குரல் உயராது, தாழும். அவர் எவ்வளவு மெதுவாகப் பேசுகிறாரோ அவ்வளவு நெருக்கடி என்று நாங்கள் புரிந்துகொள்வோம்.

அப்படி ஒரு ஐப்பசி மழை வந்தது. மலையில் விடாமல் பெய்து, கீழே ஓடை வாய்க்காலெல்லாம் ஒன்றாகிவிட்டது. டெலிபோன் கம்பங்கள் சாய்ந்தன. செல்போன் என்ற ஒன்றை நாங்கள் பேப்பரில்தான் பார்த்திருந்தோம். தாலுகா ஆபீசிலிருந்து ஆள் வந்து டாக்டரம்மாவைக் கேட்டுக்கொண்டதன் பேரில், எங்கள் பக்கத்து ஹாம்கள் நாலைந்து பேர் வயர்லெஸில் செய்தி கடத்த உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்து எல்லோரையும் ஒழுங்குபடுத்தியவர் காதர் பாய். நாகல் நகரில் பேட்டரிக் கடை வைத்திருந்தவர். அவர் வீட்டு மொட்டைமாடியில் நின்ற ஏரியல் தெருமுனையிலிருந்தே தெரியும்.

ரெட்டியார்சத்திரத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில், வீடு இடிந்த சனங்களைத் தங்கவைத்திருந்தார்கள். காலையில் ஆஸ்பத்திரி வேனில் பால் பவுடரும் மருந்துமாக, இன்னொரு கையடக்க செட்டையும் கொடுத்து என்னைத் தனியாக அனுப்பினார் டாக்டரம்மா. அந்த ஊருக்கு இரண்டு வழி. ஓடையில் இருந்த தரைப்பாலத்தின் மேல் போனால் கிட்டம். மெயின் ரோட்டுப் பெரிய பாலம் வழியாகச் சுற்றினால் தூரம். நான் எந்த வழியில் போயிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. சுற்றித்தான் போனேன்.

மத்தியானத்துக்குள் பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும் கண்டுவிட்டது. வேனை நிறுத்தி, இறங்கி நின்று, பள்ளிக்கூடத்துச் சுவரோரமாகச் செட்டை உயர்த்திப் பிடித்துச் சொன்னேன். கூரை ஏரியல் டாக்டரம்மாவின் அம்பாசிடரில் இருந்தது. என்னிடம் ரப்பர் குட்டைதான். காதர் பாய் அதைக் கேட்டு டாக்டரம்மாவுக்குச் சொன்னார். "குளுக்கோஸ் பாட்டிலோட நானே வாரேன். சத்திரம் தாண்டினதும் கூப்பிடுறேன், ஓவர்" என்று அவர் குரல் வந்தது. மெதுவாகத்தான் வந்தது. கார் ஓட்ட கம்பவுண்டர் பாண்டி இருந்தான். நல்ல பையன். ஆனால் வேகம்.

மழை செத்த நேரம் வெறித்து மறுபடி பிடித்துக்கொண்டது. அப்போதுதான் அந்த ஊர் விவசாயி ஒருவர், மொக்கையா என்று பேர், தலை முதல் கால் வரை சேறாக ஓடி வந்தார்.

"அப்பு, ஓடைப் பாலம் போச்சுய்யா. நடுவுல பாலத்தையே காணாம்."

"தண்ணி மேல போகுதா?"

"மேல போறது கணுக்கால் தண்ணிதான், பாத்தா ஒண்ணுமே தெரியாது. மாட்டப் பத்திக்கிட்டு எறங்குனேன். முன்னால போன மாடு பொசுக்குனு முங்கிருச்சு. கயித்த விடாம இழுத்துக் கரையேத்துறதுக்குள்ள என் உசுரு போயிருச்சு."

 பாலம் உடைந்து குழி தெரிந்தால் யாரும் இறங்க மாட்டார்கள். இது அப்படியில்லை. இரண்டு பக்கமும் பாலம் இருக்கிறது, நடுவில் இல்லை, மேலே ஒரே மட்டமாகத் தண்ணீர் ஓடுகிறது. பாண்டி அந்த வழியைத்தான் பிடிப்பான்.

செட்டை எடுத்துக் காதில் வைத்தேன். யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். முடியட்டும் என்று காத்திருந்தேன். முடியவில்லை. எஞ்சினின் கீச்சொலி கேட்டது, வைப்பர் அடிக்கிற சத்தம் கேட்டது. அதற்கு நடுவே டாக்டரம்மாவின் குரல், வயர்லெஸில் பேசுகிற குரலாக இல்லாமல் சாதாரணமாக:

"பாட்டில் சத்தம் கேக்குது பாண்டி, பாத்துப் போ."

"பெட்டி உங்க பக்கம் சாஞ்சிருச்சும்மா. இருக்கட்டும், விழுகாது."

விஷயம் அப்போதுதான் உறைத்தது. பின்சீட்டு முழுக்கப் பெட்டிகள் என்பதால் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருக்கிறார். செட் சீட்டில் கிடக்கிறது. சாய்ந்த அட்டைப்பெட்டி அதன் பொத்தானை அமுக்கிக்கொண்டிருக்கிறது. அந்த மாதிரி செட்டில் பேசுவதற்கும் கேட்பதற்கும் ஒரே வாசல். அமுக்கியிருக்கும்வரை அது பேசும், கேட்காது. நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து கத்தினாலும் அவர்களுக்கு ஒரு எழுத்துப் போய்ச் சேராது. கரண்ட் கார் பேட்டரியிலிருந்து வருவதால் தானாகத் தீர்ந்தும் போகாது. கூரையில் நல்ல ஏரியல் வேறு. அவர்கள் மூச்சு விடுவது ஜில்லா முழுக்கக் கேட்கும்.

"சத்திரம் வந்திருச்சும்மா. சுத்திப் போவமா, ஓடை வழியா போயிருவமா?"

"தண்ணி வந்திருந்தா?"

"வந்தா என்னம்மா, கணுக்கால் தண்ணி வரும். போய்ப் பாப்போம். ஆகலைனா திரும்பிக்கிருவோம்."

"சரி, பிள்ளைங்க பாவம். பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."

ஒரு அலை அடைபட்டால் எல்லோரும் இன்னொரு அலைக்குப் போக வேண்டும் என்பது டாக்டரம்மா வைத்த சட்டம்தான். விரல் வழுக்க வழுக்கத் திருகி மாற்றினேன். காதர் பாய் அங்கே எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி செல்வராஜு, நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். பொத்தான் அமுங்கிருச்சு. ஓவர்."

"பாய், ஓடைப் பாலம் நடுவுல இல்ல. வெளிய தெரியாது. அவங்க அங்கதான் போறாங்க."



"யா அல்லா. சத்திரத்துல நம்மாளு யாருமில்ல தம்பி. நான் ஆளனுப்பினாலும் இங்கருந்து வந்து சேராது. பக்கத்துல இருக்கது நீ மட்டுந்தான். போ. பேசுறதுக்கு நிக்காத. போ."

மொக்கையாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். செட்டைப் பழைய அலைக்கே திருப்பி டேஷ்போர்டில் சாத்திவைத்தேன். பேசத்தான் நிறுத்த வேண்டும், கேட்க நிறுத்த வேண்டியதில்லை. சேற்றில் வண்டி வால் ஆட்டியது. எப்போதும் இரண்டாவது கியரில் போகிற இடத்தில் மூன்றாவது போட்டேன். அவர்கள் பேச்சு நெருங்க நெருங்கத் தெளிவாகிக்கொண்டே வந்தது. பாண்டி தன் மச்சான் கல்யாணத்தில் தொட்டுக்க வெஞ்சனம் பத்தாமல் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். டாக்டரம்மா சிரித்தார். கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்தது.

ஓடைக்கரையில் போய் நிறுத்தினேன். பழுப்பு நிறத் தண்ணீர் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. மொக்கையா சொன்னது சரிதான். பாலம் முழுசாக இருப்பது போலவே இருந்தது. எதிர்க்கரையில் ரோடு வளைந்து இறங்குகிற இடத்தில், மழைக்குள் இரண்டு விளக்குகள் தெரிந்தன.

வந்துவிட்டோம், இனி நம்மைப் பார்த்து நிறுத்திவிடுவார்கள் என்று எனக்கு மூச்சு வந்தது. அப்போது செட்டில் பாண்டி சொன்னான்:

"அந்தா பாருங்கம்மா, நம்ம வேன். செல்வராசண்ணன் அக்கரைல நிக்கிறாரு."

"செல்வராஜா? அவன் இந்த வழியா போயிருக்கான்?"

"அதான் தெரியுதேம்மா. அவரே தாண்டிப் போயிருக்காருன்னா வண்டிச் சக்கரம்கூட நனைஞ்சிருக்காது."

"அதுவும் சரிதான். குழாய்த் தண்ணிக்கே சுத்திப் போறவன். அவன் போயிருந்தா நம்ம கண்ண மூடிட்டுப் போகலாம். விடு."

 நான் சுற்று வழியில் வந்து இந்தப் பக்கமே இருந்தவன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? என் பயம்தான் அவர்களுக்குத் தைரியம் கொடுத்துக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கம் டிரைவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. தரைப்பாலத்தில் தண்ணீர் போகும்போது, முதலில் தாண்டினவன் அக்கரையில் நின்று, பின்னால் வருகிறவனுக்கு லைட் போட்டுக் காட்டுவான். பயமில்லை, வா என்று அர்த்தம். நான் மழைக்காகப் போட்ட ஹெட்லைட் எரிந்துகொண்டே இருந்தது. பாய்ந்து அணைத்தேன்.

"லைட்ட அணைச்சிட்டாரும்மா. நமக்குக் கண்ணு கூசும்னு."

இறங்கி ஓடி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன். வேண்டாம், வேண்டாம். மொக்கையாவும் துண்டை உருவி வீசினார்.

"கை காட்டுறாரு. ஊர்க்காரர் ஒருத்தர் துண்டு வீசிக் கூப்பிடுறாரும்மா. பிள்ளைகளுக்கு ரொம்ப முடியல போல."

"சீக்கிரம் போ பாண்டி."

காரின் மூக்கு சரிவில் இறங்கியது. முன்சக்கரம் தண்ணீருக்கு வந்துவிட்டது. "ஏய்! ஏய்! நில்லுங்கடா!" என்று மொக்கையா கத்தியதை மழை தின்றுவிட்டது. நான் எதைச் செய்தாலும் வா என்றுதான் ஆகிறது. அசையாமல் நின்றாலும் அதே அர்த்தம்தான்.

ஹாரன் ஒன்றுதான் மிச்சமிருந்தது. ஆனால் வெறுமனே அடித்தால் அதையும் அவசரப்படுத்துவதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஹாம்களுக்கு அழைப்புக் குறி என்று ஒன்று உண்டு. அரசாங்கம் கொடுக்கிற பேர் அது. தூக்கத்தில் இருந்தாலும், இரைச்சலில் இருந்தாலும், தன் குறி மோர்ஸில் கேட்டால் ஹாம் ஒருவரின் காது நிமிர்ந்துவிடும். வேனுக்குள் கையை விட்டு, டாக்டரம்மாவின் குறியில் கடைசி மூன்று எழுத்தை ஹாரனில் அடித்தேன். குட்டை, நீளம், இடைவெளி. அவசரத்தில் முதல் தடவை குழம்பிவிட்டது. மறுபடி அடித்தேன். என் ஹாரன் சத்தம் என் டேஷ்போர்டு செட்டிலிருந்தே திரும்பி வந்தது. அவர்கள் காருக்குள் கேட்கிறது என்று அதில்தான் தெரிந்துகொண்டேன்.

"வாரேன் வாரேன்றேன், ஏன் இம்புட்டு ஹாரன் அடிக்கிறாரு இந்த மனுசன்" என்றான் பாண்டி.

மறுபடி அடித்தேன். குட்டை, நீளம், இடைவெளி.

"பாண்டி, நிறுத்து."

"ஏம்மா?"

"நிறுத்துன்னு சொன்னேன்."

அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. கார் நின்றது. பின்சக்கரம் மட்டும் கரையில் இருந்தது. முன்பக்கம் தண்ணீரில். செட்டில் அட்டைப்பெட்டி உரசுகிற சத்தம் கேட்டது. பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதின. பிறகு டக்கென்று எல்லாம் அடங்கிப்போய், வெறும் இரைச்சல் வந்தது. பொத்தான் விடுபட்டுவிட்டது.

உடனே அவர் அழைப்பு வந்தது. "செல்வராஜ், என்னைக் கூப்பிட்டியா? ஓவர்."

செட்டை எடுத்தேன். அமுக்கினேன்.  பாலம் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்ததோ வேறு.

"அம்மா, நான் தாண்டி வரலம்மா. நான் சுத்தித்தான் வந்தேன். இந்தப் பக்கமேதான் இருந்தேன். நடுவுல பாலம் இல்லம்மா."

அவர் அமுக்கினார்.  செட்டில் அவர்கள் கார்க் கூரையில் விழுகிற மழைச் சத்தம் மட்டும் கேட்டது. நடுவே பாண்டி, "ஐயோ ஆத்தா" என்று ஒரு தடவை சொன்னான். அப்புறம் அம்பாசிடர் மெதுவாகப் பின்னால் ஏறி, மேட்டுக்குப் போய், ரோட்டுக்குக் குறுக்கே திரும்பி நின்றது. அந்தப் பக்கமிருந்து இனி ஒருவரும் இறங்க முடியாது.

"கேட்டுச்சு செல்வராஜ்" என்றார். "பாண்டி கொஞ்ச நேரம் இங்கயே நிக்கட்டும், ரோட்டுல கல்லும் முள்ளும் போட்டு அடைக்கிற வரைக்கும். அப்புறம் நாங்க சுத்தி வாரோம். பிள்ளைங்களுக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணி கொடுத்துக்கிட்டே இரு."

"சரிம்மா. ஓவர்."

"இன்னொண்ணு. வண்டிய அங்கருந்து எடுத்திரு. உன்னைப் பாத்து இன்னும் யாராச்சும் எறங்கிறப் போறாங்க. ஓவர்."

மொக்கையாவிடம் கரையில் முள்ளை வெட்டிப் போடச் சொன்னேன். நான் வேனில் ஏறி, ரிவர்ஸ் கியர் போட்டு, பின்னால் பார்த்துப் பார்த்து எடுத்தேன். அக்கரை கண்ணிலிருந்து மறைகிற வரைக்கும் எடுத்துக்கொண்டே போனேன்.